சட்டாம்பிள்ளையின் பிரம்பும் மணலும்

நம்முடைய பள்ளிக்கூடங்களில் மூத்த மாணவனுக்கு இளைய மாணவனிடத்தில் ஒரேயொரு வேலைதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது அவனை வாய்மூடி இருக்கச் செய்வது. ஆசிரியர் இல்லாத நேரத்தில் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதுவது, காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையை நேராக்குவது, நோட்டுகளைச் சேகரித்து ஆசிரியர் அறைக்குச் சுமந்து செல்வது என்று அந்த வேலை விரியும். வகுப்புத் தலைவன் என்ற பட்டமும் அதற்கு உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பெண் மூன்றாம் வகுப்புக் குழந்தையை அருகில் அமர்த்தி ஒரு பத்தியை வாசிக்கக் கற்றுக்கொடுப்பது மட்டும் கால அட்டவணையில் எங்கும் இல்லை. எங்கேனும் நடந்தால் அது தற்செயல், அல்லது ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட நல்ல மனம்.

இதைத் தற்செயலுக்கு விட்டுவைத்திருப்பது தவறு என்பதே என் தரப்பு. மூத்த மாணவர்களை இளையோருக்கு வழிகாட்டிகளாக முறையாகப் பயிற்றுவிப்பதைப் பள்ளிக்கல்வியின் ஓரத்து அலங்காரமாகவும், ஆண்டுவிழா மேடையில் சான்றிதழ் வழங்குவதற்கான ‘தலைமைப் பண்பு’ சமாச்சாரமாகவும் பார்க்கும் வரை நமக்கு விமோசனமில்லை. இது கற்றலின் மையத்தில் இருக்கவேண்டிய ஒன்று. சில ஊர்களில் இதற்கு மாற்றே கிடையாது. பாகலூர் அப்படிப்பட்ட ஓர் ஊர்.

பாகலூரை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். ஓசூரிலிருந்து கர்நாடகத்தின் மாலூர் நோக்கிச் செல்லும் சாலையில், தமிழ்நாட்டின் வடமேற்கு விளிம்பில் இருக்கிறது அது. ஓசூரில் 1970களில் சிப்காட் வந்து, அதன்பின் கனரக வாகனமும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தபின் அந்த வட்டாரத்தின் முகம் மாறியது. ராகி விளைந்த நிலங்களுக்கு நடுவே ரோஜாவுக்கான பசுமைக்குடில்கள் எழுந்தன. வேலைக்கென்று தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், பின்னர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. அதற்கு முன்பும் இது ஒருமொழி நிலமாக இருந்ததில்லை. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், அரசு அலுவலகத்தில் தமிழ், சில தெருக்களில் உருது என்று நான்கு மொழிகளை ஒரே நாளில் புழங்குவது இங்கே புதுமையல்ல. நாம் ‘தாய்மொழிக் கல்வி’ என்று மேடையில் முழங்கும்போது, எந்தத் தாயின் மொழி என்று திருப்பிக் கேட்கக்கூடிய ஊர்கள் இவை.

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயமாக்கிக்கொண்டு வந்தது. அது பத்தாம் வகுப்பை எட்டியபோது மொழிச் சிறுபான்மை மாணவர்கள் நீதிமன்றத்தை நாடி விலக்குக் கேட்டார்கள். விலக்கு கிடைத்ததா, நீடித்ததா என்பது வழக்கறிஞர்களின் விவகாரம். என்னுடைய கேள்வி வேறு. பத்தாண்டுகள் ஒரு பள்ளிக்குள் இருந்த பிள்ளை, பத்தாம் ஆண்டின் முடிவில் ஒரு மொழித்தாளைக் கண்டு அஞ்சி நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய நிலை ஏன் வந்தது? சட்டம் பாடநூலைக் கொடுத்தது. வீட்டு மொழியிலிருந்து பாடநூலின் மொழிக்கு அந்தப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துப்போக யாரைக் கொடுத்தது?

தஞ்சாவூரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ பணிமாறுதலில் வரும் ஆசிரியருக்குத் தெலுங்கு தெரிந்திருக்க நியாயமில்லை. ஒடிய மொழி நிச்சயம் தெரியாது. ஆனால் அதே பள்ளி வளாகத்தில், அல்லது அடுத்த தெருவின் மேல்நிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவள் வீட்டிலும் தெலுங்குதான். ஆறு வயதில் அவளும் ‘ழ’கரத்தில் தடுக்கி விழுந்தவள்தான். எப்படி எழுந்தாள் என்பது அவளுக்கு நினைவிருக்கிறது. அந்தப் பள்ளியில் இருக்கும் மிக அரிய கல்விச்சாதனம் அவள்தான். நாம் அவளிடம் சாக்குக்கட்டியைக் கொடுத்துப் பேசியவர்களின் பெயரை எழுதச் சொல்கிறோம்.

கற்பித்தல் கற்றலின் பகுதி என்பதை நமக்கு வெளிநாட்டு நிபுணர் வந்து சொல்லவேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் உரைத்ததை முழுக்க உள்வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையில் கால்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதில் இன்னொரு கால்பங்கு. மீதி அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிறைகிறது. ஆசிரியரின் பங்கைப்போல் இருமடங்கு! இந்த நூற்பாவை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய தமிழாசிரியர்கள் எத்தனை ஆயிரம் பேர். அவர்களில் எத்தனை பேர் அதைத் தங்கள் வகுப்பறையில் நடத்திப் பார்த்திருப்பார்கள்? இதில் பாகலூர்க்காரர்கள் பெருமைப்படவும் இடமுண்டு. பவணந்தியை நன்னூல் செய்யச் சொன்ன சீயகங்கன், கல்வெட்டுகளில் குவளாலபுரத்துத் தலைவன் என்று பட்டம் சூட்டப்பட்ட கங்க மரபினன். குவளாலபுரம் என்பது இன்றைய கோலார், மாலூருக்கு அப்பால் சற்றுத் தொலைவில் இருப்பது. தமிழின் மிக அதிகம் படிக்கப்பட்ட இலக்கண நூல்களில் ஒன்றைச் செய்வித்தவனின் பட்டத்தில் இருப்பது இந்தப் பன்மொழி எல்லைப்புறத்தின் பெயர்.

நன்னூல் சொன்னது ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. 1623இல் இன்றைய கர்நாடகத்தில் ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் மெல்லிய மணலைப் பரப்பி, பாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே விரலால் கணக்கெழுதிப் பழகுவதை இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே பார்த்தார். ஆசிரியர் யாரும் அங்கே இல்லை. மறந்துபோனால் யார் திருத்துவார் என்று அவர் கேட்டார். நால்வருக்கும் ஒரே இடத்தில் மறதி வருவது சாத்தியமில்லையே என்று பதில் வந்தது. கல்வியியல் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவற்றுக்கு இந்த ஒரு பதில் ஈடாகும்.

தமிழகத்தின் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதற்கு ஒரு நிலையான அமைப்பு இருந்தது. முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளை. ஆசிரியரிடம் பாடம் கேட்டு, அதைக் கீழ்ப்படியில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்களிடமிருந்து கேட்டு ஒப்புவிப்பவன். மடங்களில் இதே முறை உயர்கல்வியிலும் நடந்தது. உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தபின் திருவாவடுதுறையில் தங்கி, சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டுக்கொண்டே மடத்து மாணாக்கர்களுக்குப் பாடம் சொன்னார். 1880இல் கும்பகோணம் கல்லூரி வேலைக்குப் போகும்போது அவர் கையில் பட்டயம் ஏதுமில்லை. இந்த அனுபவம் இருந்தது.

இந்த முறையின் மதிப்பை அன்றைய அதிகாரிகளில் சிலரேனும் உணர்ந்திருந்தார்கள். 1792 முதல் 1799 வரை இதே கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையான பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக நிலவரி வேலை பார்த்த தாமஸ் மன்றோ, பின்னர் சென்னை ஆளுநரானபோது 1822இல் மாகாணமெங்கும் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். அதற்குப் பதிலளித்த பெல்லாரி கலெக்டர் கேம்பல், முன்னேறிய பிள்ளைகள் பின்தங்கியவர்களுக்குக் கற்பித்துத் தங்கள் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் இந்த முறை போற்றத்தக்கது என்றும், இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றும் 1823இல் எழுதினார்.

இங்கிலாந்து பின்பற்றிய கதை நம் வாதத்துக்கு மிக முக்கியம். ஏனென்றால் அதில்தான் எச்சரிக்கையும் இருக்கிறது. சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதை ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளி 1789இல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் பொறுப்பில் வந்தது. நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட பெல், அதைத் தம் பள்ளியில் நடத்தச் சொன்னார். அவருடைய துணை ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். அவர் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் கற்றுக்கொடுத்தான். 1797இல் பெல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

ஆனால் திண்ணையிலிருந்து கப்பலேறியதில் பாதிதான் கரை சேர்ந்தது. 1798இல் லண்டனின் சதக் பகுதியில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை மேய்க்கலாம் என்று காட்ட முனைந்தார். தொழிற்புரட்சியின் இங்கிலாந்துக்கு அது தேன்போல் இனித்தது. வரிசைகள், மணியோசை, கட்டளைச் சொற்கள், கட்டளையை மேலிருந்து கீழே கடத்தும் சிறுவர்கள். திண்ணையில் சட்டாம்பிள்ளை தானும் கற்றுக்கொண்டிருந்தான். லங்காஸ்டரின் கூடத்தில் அவன் ஆலைக் கங்காணி ஆனான். ஏழைப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் கல்வி கொடுக்கும் தந்திரமாக அது சுருங்கியது. பிள்ளைகள் புரியாததைப் புரியாமலேயே ஒப்பித்தார்கள். அரை நூற்றாண்டுக்குள் அந்த முறை மதிப்பிழந்தது.

அதன்பின் 1846இல் இங்கிலாந்து கண்டுகொண்ட பாடம் என்ன? மூத்த மாணவனைக் கொண்டு கற்பிக்கவேண்டுமானால் அவனுக்குத் தனியே கற்பித்தாக வேண்டும் என்பது. பதின்மூன்று வயதில் ‘மாணவ ஆசிரியராக’ச் சேர்ந்தவருக்கு ஐந்தாண்டுப் பயிற்சி, உதவித்தொகை, தலைமையாசிரியர் தினமும் ஒன்றரை மணிநேரம் அவருக்கெனத் தனியாகப் பாடம் சொல்லவேண்டும் என்ற விதி, அதற்காகத் தலைமையாசிரியருக்கும் ஊதியம். பயிற்சியில்லாத சட்டாம்பிள்ளை கங்காணியாவான், பயிற்சி பெற்றவன் ஆசிரியனாவான். இருநூறு ஆண்டுகால அனுபவம் சொல்வது இவ்வளவுதான்.

இனி நம் கதைக்கு வருவோம். தமிழ்நாடு இந்தத் திசையில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்கச் சென்றது. அதன் குழுக்களில் ஆசிரியர் துணையோடு கற்கும் குழு மட்டுமல்ல, சக மாணவர் துணையோடு கற்கும் குழுவும் இருந்தது. திண்ணை திரும்பி வந்த தருணம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்தத் துணைமாணவருக்கு எப்படித் துணைசெய்வது என்று யார் கற்றுக்கொடுத்தது? அட்டைகளுக்கும் ஏணிப்படிகளுக்கும் கிடைத்த கவனத்தில் சிறுபங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. பெருந்தொற்றில் விடுபட்டதை மீட்க ஊர்ப் பெண்களைத் தன்னார்வலர்களாக நம்பியது அரசு. நல்ல காரியம். 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. மலரை அரும்புக்கு அருகே முறையாக அமர்த்தும் எண்ணம் அதன் மையத்துக்கு வரவில்லை. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையோ சகமாணவர் பயிற்றலை மகிழ்ச்சியோடு தன்னார்வமாகச் செய்யலாம் என்று ஒரு வாக்கியத்தில் ஆசீர்வதித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். இந்த விஷயத்தில் சண்டையிட அதில் ஒன்றுமேயில்லை என்பதே என் குறை.

எதிர்த்தரப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, ஆசிரியர் இயக்கங்களில் இருக்கும் நண்பர்களின் அச்சம். பிள்ளைகளே பாடம் நடத்துகிறார்கள் என்றால் காலிப்பணியிடத்தை நிரப்பாமல் விட அரசுக்கு ஒரு சாக்குக் கிடைக்கும் என்கிறார்கள். லங்காஸ்டரின் வரலாற்றை அறிந்தவன் இந்த அச்சத்தைக் கேலி செய்யமாட்டான். இது முழுக்க நியாயமான அச்சம். ஆகவே விதி தெளிவாக இருக்கவேண்டும். 2009இன் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கநிலையில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அந்தக் கணக்கில் எந்த மாணவ வழிகாட்டியையும் சேர்க்கக்கூடாது. ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்கு எந்த மாணவரையும் அனுப்பக்கூடாது. ஆசிரியர் இருக்கும் இடத்தில் மட்டுமே இந்த முறை செல்லுபடியாகும் என்று எழுதிவைத்துவிட்டால் அச்சத்துக்கு வேலையில்லை. ஆனால் அச்சத்தைக் காரணம் காட்டி முறையையே நிராகரிப்பது, வெந்நீர் சுடும் என்பதற்காகக் குளிக்காமலே இருப்பதற்குச் சமம்.

இரண்டாவது, பெற்றோரின் கேள்வி. என் பிள்ளை பொதுத்தேர்வுக்குப் படிக்கவேண்டிய நேரத்தில் ஊரான் பிள்ளைக்குப் பாடம் சொல்வதா? ஓசூர்ப் பக்கம் இந்தக் கேள்வி கூர்மையாகவே வரும். ஷிப்டு வேலைக்குப் போய்த் திரும்பும் தாயும் தகப்பனும் பிள்ளையின் மதிப்பெண்ணில்தான் தங்கள் எதிர்காலத்தைப் பார்க்கிறார்கள். அவர்களிடம் தியாகம், சேவை என்று பேசுவது அயோக்கியத்தனம். உண்மையைச் சொல்லலாம், அதுவே போதும். அமெரிக்காவில் பீட்டர் கோஹனும் குலிக் தம்பதியரும் 1982இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்றுக்கொண்ட பிள்ளை மட்டுமல்ல, கற்றுக்கொடுத்த பிள்ளையும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தது. பவணந்தியின் அரைப்பங்கு பழங்கதையல்ல. பின்னத்தை ஆறாம் வகுப்புக்கு விளக்கத் தெரியாத ஒன்பதாம் வகுப்பு மாணவன் இயற்கணிதத்தைப் புரிந்துகொண்டிருக்க வழியில்லை, அவன் வாங்கிய மதிப்பெண் எதுவாயினும்.

மூன்றாவது தரப்பு எல்லாவற்றிலும் கனமானது. மூத்தவன் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் அந்த அதிகாரத்தோடு அவனுடைய சாதியும் வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் தன் பள்ளித் தோழர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதையொட்டி அமைக்கப்பட்ட முன்னாள் நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக்கயிறு கட்டிவரும் பள்ளியில் மூத்தவன், இளையவன் என்ற உறவு கள்ளங்கபடமற்றது என்று நடிக்க நான் தயாராக இல்லை. திண்ணைப் பள்ளியைப் பற்றிப் பெருமூச்சு விடுபவர்களும் கவனிக்கவேண்டும். மன்றோவின் கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. நான் அந்தத் திண்ணையைக் கட்டச் சொல்லவில்லை. அதன் மணலை மட்டும் கேட்கிறேன்.

ஆனால் இந்த மூன்றாம் எதிர்ப்பிலிருந்து பலர் வந்தடையும் முடிவு எனக்கு உடன்பாடில்லை. மூத்தவர்களையும் இளையவர்களையும் பிரித்தே வைத்தால் சாதி உறங்கிவிடுமா? பள்ளி தராத உறவைத் தெரு தந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கு வெளியே ‘அண்ணன்’கள் இருக்கிறார்கள். அவர்கள் கயிறும் சட்டையில் அச்சடித்த படமும் கொடுத்து இளையவனுக்கு வழிகாட்டுகிறார்கள். வழிகாட்டி இல்லாத பிள்ளை என்று ஒருவரும் இல்லை. யார் வழிகாட்டுவது என்பதைத்தான் நாம் முடிவு செய்யலாம். தன் தெருவைச் சேராத ஒரு சிறுமியிடம் வாரம் மூன்று நாள் அமர்ந்து, அவள் வாசிப்பதைக் கேட்டு, அவளுடைய தடுமாற்றத்துக்குப் பொறுமையாகக் காத்திருந்தவனுக்கு, அந்தத் தெரு அவ்வளவு அந்நியமாக இருக்காது. இது உத்தரவாதமல்ல. ஆனால் வேறெந்த நீதிபோதனை வகுப்பைக்காட்டிலும் நம்பத்தகுந்தது.

சரி, பயிற்சி என்றால் என்ன? பெரிய மண்டபத்தில் ஒருநாள் கருத்தரங்கு வைத்து, மதியம் பிரியாணி போட்டு, மாலையில் பேட்ஜ் குத்தி அனுப்புவதல்ல. கற்பிக்கும் பிள்ளை முதலில் கற்கவேண்டியது காத்திருத்தல். இளையவள் தடுமாறியதும் விடையைச் சொல்லிவிடும் ஆசையை அடக்கவேண்டும். அடுத்தது, தவறிலிருந்து அவள் எப்படி யோசித்தாள் என்று கண்டுபிடிப்பது. மூன்றாவது, வீட்டு மொழியில் விளக்கிப் பாடமொழிக்குத் திரும்புவது. தெலுங்கிலோ கன்னடத்திலோ கதையைச் சொல்லவைத்து, அதே கதையைத் தமிழில் வாசிக்கவைக்கும் வித்தை. இதில் பாகலூர்ப் பிள்ளைகளுக்குச் சென்னைப் பிள்ளைகள் ஈடாகமாட்டார்கள். நான்காவது, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி ஆசிரியரிடம் கொண்டுபோவது. ஐந்தாவது, இளைய பிள்ளையின் உடலிலோ மனத்திலோ காயம் தென்பட்டால் யாரிடம் சொல்வது என்று அறிந்திருப்பது. இவற்றைப் பழக ஒரு பருவமாவது வேண்டும். வாரம் ஒருமுறை ஆசிரியர் அவர்களோடு அமர்ந்து நடந்ததைக் கேட்கவேண்டும். அந்த ஆசிரியரின் பாடவேளைக் கணக்கில் அந்த நேரம் சேரவேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. அடிக்கும் அதிகாரம், மதிப்பெண் போடும் அதிகாரம், பெயரெழுதும் அதிகாரம் மூன்றும் இந்தப் பிள்ளைகளுக்கு அறவே கூடாது. மூடிய அறை கூடாது, எல்லோர் கண்ணிலும் படும் தாழ்வாரமோ மரநிழலோதான் இடம். ஒருவருக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்குமேல் கூடாது, அரைமணிக்கு மேல் கூடாது. வகுப்பின் முதல் மதிப்பெண்காரர்களை மட்டும் தேர்வதும் கூடாது. எளிதில் ஏறியவனுக்குப் படிகள் நினைவிருப்பதில்லை. நடுவில் இருப்பவர்கள், ஒருகாலத்தில் கடைசி வரிசையில் இருந்தவர்கள், அவர்களே பல நேரங்களில் சிறந்த வழிகாட்டிகள். இந்த வாய்ப்பு அவர்களை மீட்கவும் கூடும்.

இதற்குப் புதிய துறையோ, புதிய செயலியோ, வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. தொடக்கப்பள்ளியும் மேல்நிலைப்பள்ளியும் தனித்தனி நிர்வாகங்களாக முகம் திருப்பிக்கொண்டு நிற்கும் பழக்கத்தை விடவேண்டும். இரு தலைமையாசிரியர்கள் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு கால அட்டவணை போடவேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகம் அதைத் தடுக்காமல் இருந்தால் பாதி வெற்றி. எல்லைப்புறப் பள்ளிகள் என்றாலே மொழிப்பூசலும் வழக்கும் மட்டுமே நம் நாளிதழ்களில் செய்தியாகின்றன. நான்கு மொழி அறிந்த பிள்ளைகளைப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு அவை மட்டும்தான் கண்ணில் படும்.

திண்ணையிலிருந்து நாம் இரண்டு பொருட்களைப் பெற்றோம்: மணலும் பிரம்பும். மணலை எழும்பூரிலிருந்து கப்பலேற்றி அனுப்பிவிட்டுப் பிரம்பை வகுப்புத் தலைவன் கையில் பத்திரமாக வைத்திருக்கிறோம். இனியாவது மாற்றிப் பிடிக்கலாம். வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது பாகலூர்ப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் இதைத் தொடங்கினால் போதும். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எழும்பூரில் ஜான் ஃபிரிஸ்கன் கீழ்வகுப்பின் முன் அமர்ந்தபோதும் எந்த அரசாணையும் இருக்கவில்லை.